பின்னச்சு மலையைப் பார்த்த நாள்

போன மாதம் மகன் தன் காரில் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனான். விராலிமலை தாண்டியதும் சாலையோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். என் முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, அதனால் நான் இறங்கவில்லை. காற்று வரட்டும் என்று கண்ணாடியை இறக்கினேன். இறக்கியதுதான் தாமதம், அந்த நாற்றம் வந்து மூக்கில் ஏறிவிட்டது.

பக்கத்தில் ஒரு பெரிய லாரி. அதன் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்து, அச்சை உருவித் தரையில் சாய்த்து, பழைய கியர் ஆயிலைத் தகர டின்னில் வடிய விட்டிருந்தார்கள். அழுகிய முட்டையோடு கருகிய பெருங்காயத்தைச் சேர்த்தால் எப்படி இருக்கும், அந்த வாசனை. மகன் டீயோடு வந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"கண்ணாடிய ஏத்திரவாம்மா?"

"வேணாம்டா, இருக்கட்டும்."

"இந்த நாத்தத்தையா?"

"இந்த நாத்தத்துலதான்டா நீ பொறந்து வளந்த. பேசாம டீயைக் குடு."

அவன் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதி இது. அவன் அக்கா ஆரோக்கியம் அப்போது என் மடியில் இருந்தாள், அவளுக்கும் நினைவில்லை. ஆக, இதை நினைத்துப் பார்க்க மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆவூரில் எங்கள் வீட்டில் பல்லி கத்தினால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவேன். இடி இடித்தால் கோவிலுக்குள் ஓடி மாதா சுரூபத்தின் காலடியில் உட்கார்ந்துகொள்வேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். புதுக்கோட்டையில் ஒரு முதலாளியிடம் அவர் வண்டி ஓட்டினார். யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த வண்டி அது. எத்தனை கை மாறி வந்ததோ. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடும் உப்பும் ஏற்றி வருவது, இங்கிருந்து திருச்சிப் பக்கம், மதுரைப் பக்கம் கொண்டுபோவது, அதுதான் வேலை.

கல்யாணமான புதிதில் என் சேலையெல்லாம் கியர் ஆயில் வாசனையும் கருவாட்டு வாசனையும் அடிக்கும். தாய்வீட்டுக்குப் போனால் அம்மா என்னைக் கொல்லைப்புறம் வழியாக வரச்சொல்வாள். "மருமகன் வரட்டும், மணமும் வரணுமாடி?" என்பாள். அவள் வாய்க்கு எதுவும் தப்பாது.

அவரும் பயந்தவர்தான். ஆனால் என்னைப் போலக் கத்திக்கொண்டு ஓடுகிற பயம் இல்லை. தன் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தார். வண்டியை எங்கே நிறுத்தினாலும் இறங்கிச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுமண்டையிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். வண்டிக்காரர்கள் அதை ஹப் என்பார்கள். உள்ளே பேரிங் தேய்ந்தாலோ கிரீஸ் வற்றினாலோ முதலில் அங்கேதான் சூடு ஏறுமாம். ஏன் உள்ளங்கையை வைக்காமல் புறங்கையை வைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உள்ளங்கை காய்ச்சுப்போச்சு புள்ள, அதுக்குச் சூடு தெரியாது" என்றார். தொட்டுவிட்டு முகர்ந்து பார்ப்பார். ஹப்பைச் சுற்றி ஈரவட்டம் இருந்து அதில் தூசி ஒட்டிக் களிம்பாகியிருந்தால் உள்ளே சீல் போய் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். கடைசியாக ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, அச்சின் தலையை ஹப்போடு இறுக்குகிற நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். இறுகிய நட்டு 'டிங்' என்னும். தளர்ந்தது 'டொக்' என்னும். இந்தச் சுற்றலைப் பார்த்து ஷெட்டில் அவருக்கு 'வைத்தியர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தப் புறங்கை வீட்டுக்கும் வந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதல் காரியம், ஆரோக்கியத்தின் நெற்றியில் புறங்கை. அப்புறம் என் கழுத்தில். "சூடு இல்ல" என்பார், ஏதோ திருச்சி வரைக்கும் போய் வந்தவள் நான் என்பதுபோல. எனக்குச் சிரிப்பாகவும் வரும், எரிச்சலாகவும் வரும்.

என் பழைய சேலைத் துணியைக் கேட்டு வாங்கிப்போவார். அச்சு நடுவில் இருக்கிற பெரிய உருண்டைப் பெட்டியிலிருந்து ஆயிலை இறக்கி அந்தத் துணியில் வடிகட்டுவார்கள். ஒருதடவை அந்தத் துணி வீட்டுக்கு வந்துவிட்டது. வெயிலில் பிரித்தால் மினுமினு என்று இருந்தது. "ஏங்க, இதுல ஜரிகையே கெடயாதே, எப்படி மினுங்குது?" என்று கேட்டேன். பாவி மனுஷன் முகம் செத்துப்போனது. "அது ஜரிகை இல்ல, பல்லுத் தூளு" என்றார். உள்ளே பல்சக்கரம் தேய்கிறதாம். சாப்பிடாமல் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு மினுங்குகிற துணியைக் கண்டாலே ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போய் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கேளுங்கள் அநியாயத்தை.

இன்னொன்று. லாரிக்காரர்கள் சில வார்த்தைகளை வாயால் சொல்லமாட்டார்கள். சக்கரம் கழன்றுவிட்டது என்று சொல்வதில்லை, "சக்கரம் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு" என்பார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு "கால் பேச்சக் கேக்கல". சொன்னால் நடந்துவிடும் என்று பயம். வண்டி காதில் விழக்கூடாதாம். நானும் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பழகியிருந்தேன். அச்சு விஷயத்துக்கு என்ன வார்த்தை என்று மட்டும் எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை மட்டும் அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டில் தடபுடல். வண்டியின் கிளீனர் கருப்பையா, அவரைவிடக் கொஞ்சம் இளையவர், பிள்ளைகுட்டிக்காரர், பக்திமான். வண்டியைக் கழுவித் துடைத்து, ஹப்பையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சந்தனம் அப்பி, நட்டுக்கு நட்டு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "மதினி, பாத்தீங்களா, பொண்ணு மாதிரி இருக்கா!" நிஜமாகவே கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. சுத்தியல், ஸ்பானர், ஜாக்கி எல்லாம் மூலையில் ஒரு கோணிமேல் வரிசையாகப் பொட்டு வைத்துப் படுத்திருந்தன.

மறுநாள் விஜயதசமி. விராலிமலைக்கு உப்பு லோடு. அம்மா வழுக்கி விழுந்து படுத்திருப்பதாகச் சேதி வந்திருந்தது. விராலிமலை வரைக்கும் லாரியில் போய், அங்கிருந்து ஆவூருக்கு மாட்டுவண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் ஆரோக்கியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

காலையில் அவர் கோவிலுக்குப் போயிருந்தபோது காதர் அண்ணன் வந்தார். வண்டிக்கு இன்னொரு டிரைவர் அவர், கோட்டைப்பட்டினத்துக்காரர். பூஜைக்கு முந்தின நாள் கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றி வந்தது அவர்தான். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் பஸ் ஏறப் போகிற அவசரம். சாவியை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஆரோக்கியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அவருட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. பின்னாடி மலையப் பாக்குது. பாத்துக்கிறச் சொல்லுங்க."

"ஆமாண்ணே, நானும் கூடத்தான் போறேன்" என்றேன்.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. "அவருட்ட சொல்லுங்க தங்கச்சி, மறந்துறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

வண்டி விராலிமலைக்குப் போகிறது, அதைத்தான் மலையைப் பார்க்கிறது என்று வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள்? லோடு மலைக்கு என்று என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியுமே. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஷெட்டில் அவர் வழக்கம்போலச் சுற்றி வந்தார். புறங்கை வைத்தார், சந்தனம்தான் ஒட்டியது. முகர்ந்தார், சந்தனம்தான் மணத்தது. சுத்தியலுக்குக் கை நீட்டினார். கருப்பையா பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அண்ணே, சாமான எடுக்காதீங்க. மறுபூசை போடல இன்னும். மொதலாளி வந்து தேங்கா ஒடச்சாத்தான் எடுக்கணும்."

"வண்டி மட்டும் போகலாமாக்கும்?"

"வண்டிக்கு எலுமிச்சம்பழம் வச்சு எடுத்தாச்சுண்ணே. சாமானுக்கு எடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, கோணிமேல் படுத்திருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்தவன், அடுத்தவர் பூஜையில் கை வைத்தான் என்று பேச்சு வரக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும். விஜயதசமி நல்ல நேரத்துக்குள் வண்டி புறப்பட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. "சரி, இங்கிருக்கிற மலைதானே" என்று ஏறிவிட்டார். மேலே உப்பு மூட்டைகள்மீது தார்ப்பாய்க்கு மேல் கருப்பையாவும், சந்தைக்குப் போகிற நாலைந்து பேரும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

அன்னவாசல் போகும்வரை ஒன்றுமில்லை. ஆரோக்கியம் ஹாரன் அடிக்கவேண்டும் என்று அடம்பிடித்தாள், அவர் அவள் கையைப் பிடித்து அடிக்க விட்டார். இலுப்பூர் தாண்டியதும் ஒரு பெரிய கண்மாய். ரோடு கண்மாய்க் கரைமேலேயே போகும். நடுவில் கலிங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம். அங்கே ரோடு சரிந்து இறங்கி, தண்ணீரைக் கடந்து, மறுபடி செங்குத்தாகக் கரையேறும். ஐப்பசி மழையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. ஓரத்தில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தன.

தண்ணீரைக் கடந்து ஏற்றத்தில் ஏறும்போது கியரை மாற்றினார். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஆரோக்கியம் கைகொட்டி, "டக்கு!" என்றாள். அவர் முகம் சுருங்கியது. நான் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற குஷியில் சொன்னேன்.

"காலைல காதரண்ணன்கூட கேலி பண்ணிட்டுப் போறாரு. பின்னாடி மலையப் பாக்குதாம். அப்ப முன்னாடி எதப் பாக்குதாம், ஆரோக்கியத்தப் பாக்குதாமா?"

அவர் திரும்பவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது.

"என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். அவர் கழுத்தில் வியர்வை முத்து முத்தாக வந்ததைப் பார்த்தேன். தூறல் காற்று உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது, இவருக்கு வியர்க்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்வோமா? மலையேறிவிட்டது என்போம். லாரிக்காரர்கள் அந்த வார்த்தையை விளக்கிலிருந்து எடுத்து அச்சுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சு முறிந்தால் மலையேறிவிட்டது. முறியப்போகிறது என்றால் மலையைப் பார்க்கிறது. காதர் அண்ணன் காதால் கேட்ட சத்தத்தை, கைக்குழந்தைக்காரியிடம் கெட்ட வார்த்தையாகச் சொல்லக்கூடாதே என்று நல்ல வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சேசுவே, அந்த நல்ல வார்த்தையைக் கேலி என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அச்சு போனால் என்ன ஆகும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற கை அது. சமதரையில் போனால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஏற்றத்தில் போனால் இஞ்சின் எவ்வளவு உறுமினாலும் பிரயோஜனம் இல்லை, மொத்தப் பாரமும் பின்னால் உருளும். பின்னால் என்ன இருந்தது என்று சொன்னேன் அல்லவா? தண்ணீரும் பிள்ளைகளும்.

அவர் காலை மெதுவாகப் பிரேக்கில் வைத்து வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். கத்தினார். "கருப்பையா, கட்டை!"

கருப்பையா மேலிருந்து குதித்து, மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்குக் கீழே செருகினார். ஈரமண். கட்டை நிற்காமல் வழுக்கியது. மற்றவர்களும் குதித்தார்கள்.

"பின்னாடி ஹப்பப் பாரு. பொட்டத் தொடச்சு எடு."

கருப்பையா தலைத்துண்டை நனைத்துத் துடைத்தார். நான் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் கரைந்து போனது. நட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு கோடாக இருந்தது. மறுபடி துடைத்தார். மறுபடி. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

"அண்ணே," என்றார், ஹப்பைக் காட்டி. "குங்குமம் போகலண்ணே."

அது குங்குமம் இல்லை. தளர்ந்த நட்டு உராய்ந்து உராய்ந்து கக்கிய துரு. சிவப்புக்குமேல் சிவப்பு வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? இறுக்கலாம் என்றால் ஸ்பானர் புதுக்கோட்டையில் கோணிமேல் படுத்திருந்தது.

"நீ பிள்ளையத் தூக்கிட்டு எறங்கு" என்றார்.

"நீங்க?"

"கைப்பிரேக்கு இந்தப் பாரத்துக்கு நிக்காது. காலு எடுக்க முடியாது. எறங்குங்கிறேன்ல!"

இறங்கினேன். கீழே துவைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஏறி வாங்கடி, புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் கண்மாயே அதிர்ந்திருக்கும். வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சில பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துத் தண்ணீரிலேயே நின்றன. அவற்றை இழுத்துக்கொண்டு வர நேரமாகியது. அதுவரைக்கும் அவர் அந்தக் காலை எடுக்க முடியாது. எனக்குப் புரிந்தது, அதனால்தான் பயம் பத்து மடங்கு ஆயிற்று.

சந்தைக்காரர்கள் கல் தேடி ஓடினார்கள். கருப்பையா பாரத்தைக் குறைக்க மூட்டைகளை இழுத்துத் தள்ளினார். மூட்டைகள் ஈரமண்ணில் விழுந்து வெடித்தன, தூறல் பட்டு உப்பு கரைந்து கண்மாய்க்குள் வெள்ளையாக வழிந்தது. முதலாளி என்ன சொல்வாரோ என்று அந்த நேரத்திலும் நினைத்தேன், மனசுக்கு அப்படி ஒரு கோணல் புத்தி. வைத்த கல் ஒன்று மண்ணில் புதைந்து, வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்தது. எல்லாரும் ஒரே குரலாக அலறினார்கள். நின்றது. உள்ளே அவர் பிரேக்கை மறுபடி மறுபடி மிதித்துக்கொண்டிருந்தார். மிதி இறங்கிக்கொண்டே போகிறது என்று அவர் தோள் ஆடுவதிலேயே தெரிந்தது.

அதற்குமேல் நிற்க முடியவில்லை. துணி துவைத்த பெண்களில் ஒருத்தி கரையேறி வந்திருந்தாள். அவள் கையில் ஆரோக்கியத்தைத் திணித்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறிவிட்டேன். அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தாலா, வலியாலா, தெரியாது. முழங்காலுக்குமேல் தொடைச் சதை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

"கிறுக்கா ஒனக்கு? எறங்குடி!"

"மாட்டேன்."

"பிள்ளை வெளியில இருக்கு. எறங்கு!"

"பிள்ளை பத்திரமா இருக்கு. நீங்க வாய மூடிட்டு மிதிங்க."

என் வாழ்நாளில் அவரை வாய மூடச் சொன்னது அன்று ஒருநாள்தான். குறுக்கே சாய்ந்து, இரண்டு கையையும் அவர் முழங்கால்மேல் வைத்து, என் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். அந்த நடுக்கம் என் கை வழியாக ஏறி என் பல்லுக்கு வந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பிக்கிறேன், அடுத்த வரி வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்கிற மந்திரம், வரவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தார். பாதியில் அவருக்கும் மறந்துபோனது. இரண்டு பேரும் முதல் வரியையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று கேட்காதீர்கள். மேலே மூட்டை குறைந்தது, பின்னால் பாறாங்கற்கள் சேர்ந்தன. கரைமேல் வந்த இரண்டு மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கயிற்றோடு ஓடி வந்து, லாரியின் முன்பக்கத்தைக் கரையோரப் பனைமரத்தில் கட்டினார்கள். கருப்பையா ஜன்னலில் வந்து, "எடுங்கண்ணே காலை, மெல்ல" என்றார். அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. நானும் கருப்பையாவும் சேர்ந்து அந்தக் காலைத் தூக்கி மிதியிலிருந்து எடுத்தோம். வண்டி அசையவில்லை.

சாயங்காலம் இலுப்பூரிலிருந்து மெக்கானிக் ஸ்பானரோடு வந்தார். முதல் நட்டில் ஸ்பானரைப் போட்டார், திருகவே இல்லை, நட்டு போல்ட்டோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே எப்போதோ அறுந்திருக்கிறது. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. பிடித்துக்கொண்டிருந்தவை ஒன்றிரண்டுதான். ஏறத் தொடங்கினவர் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் என்று மெக்கானிக் ஆரம்பித்தார், கருப்பையா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார். அப்புறம் அந்த மனுஷன் ஹப்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "நான்தான் மதினி பொட்டு வச்சேன், நான்தான் வச்சேன்." அவரை என்ன சொல்லித் தேற்றுவது? அன்பாகத்தானே வைத்தார்.

என் வீட்டுக்காரர் கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம் அவர் மடியில் தூங்கிவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகச் சொன்னார்.

"கீழ விழுறதுக்குப் பயமில்ல. நீ ஏறி வந்து உக்காந்தல்ல, அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இனிமே என் வண்டில ஏறாத."

"ஏறல" என்றேன்.

ஏறவில்லை. ஆவூருக்கு அம்மாவைப் பார்க்கக்கூடப் பிறகு மாட்டுவண்டியில்தான் போனேன். அதற்குப் பிறகும் அவர் வெகுகாலம் வண்டி ஓட்டினார். வேறு வண்டிகள், வேறு முதலாளிகள். நான் வாசலோடு சரி. வண்டிக்குள் உட்கார்ந்து பயப்படுகிறதைவிட வீட்டில் உட்கார்ந்து பயப்படுவது பெரிய கொடுமை என்று அப்புறம்தான் தெரிந்தது. ரோட்டில் லாரி வந்தால் கையில் கரண்டியோடு அப்படியே நிற்பேன். கியர் மாற்றுகிற சத்தத்திலேயே அவரா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் இல்லையென்றால் யாரோ ஒருத்தி வீட்டுக்காரர், அவரும் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று ஒரு சிலுவை போட்டுக்கொள்வேன். அவராக இருந்தால் பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாகிவிடும். "எங்க போய்த் தொலைஞ்சீங்க இவ்வளவு நேரம்?" என்று பாய்வேன். "அதான் வந்துட்டேன்ல" என்பார். இது எங்கள் குடும்பத்தின் ஜெபமாலை மாதிரி ஆகிவிட்டது, தினமும் உண்டு.

அந்தக் கலிங்கில் இப்போது பாலம் இருக்கிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, காரில் போனால் கண்மாய் எங்கே இருந்தது என்று தேடவேண்டும். ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். காதர் அண்ணன் சேதி கேட்டு மறுநாளே கோட்டைப்பட்டினத்திலிருந்து திரும்பி ஓடி வந்தார், வாசலில் நின்று என் காலைத் தொடப்பார்த்தார். அவரும் போய்விட்டார், கருப்பையாவும் போய்விட்டார். மலையைப் பார்க்கிறது என்று எந்த டிரைவரிடமாவது இப்போது சொன்னால், எந்த மலை என்று கேட்பான்.

என் வீட்டுக்காரர் உயிர் ரோட்டில் போகவில்லை. வயதாகி, வீட்டுக் கட்டிலில், தூக்கத்திலேயே போனார். லாரி ஓட்டினவருக்கு இப்படி ஒரு சாவு வாய்த்ததே என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் மாதாவுக்கு நன்றி சொன்னேன், பொய்யில்லை.

இப்போது இருப்பது மெயின் ரோட்டை ஒட்டின வீடு. நாள் முழுக்க லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த லாரி போனாலும் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. அடுப்படியில் கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. மத்தியானம் படுத்தால் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிடுகிறேன். எழுந்ததும் சில நாள் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பயமாவது எனக்கு மிச்சம் இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.